எபிசோட் 37: அப்பா ஏன் காரில் ஹியரிங் எய்டைக் கழற்றினார்? டயர் சத்தம் பற்றி ஒரு பேச்சு

போன வாரம் எபிசோட் வரலை. "என்னாச்சு ப்ரோ"ன்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. பெரிசா ஒண்ணும் இல்லை. ரெகார்ட் பண்ண வேண்டிய சனி, ஞாயிறு ரெண்டு நாளும் டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

"நீ கோடு எழுதுற ஆளு, டயரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" நியாயமான கேள்வி. என் டிகிரி சர்ட்டிபிகேட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த நாலு வருடத்தில் ஒரு டயரைக்கூட நான் தொட்டதில்லை. அதனால இது நிபுணர் பேச்சு இல்லை. தப்பு பண்ணி, காசு செலவழிச்சு, அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவனோட பேச்சு. எந்த டயர் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கலை, அதையும் சொல்லிடறேன்.

பெருங்களத்தூர் தாண்டினால் மௌனம்

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் 27 வருடம் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இடம். காதில் வைக்க யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு டாக்டரிடம் போனால், ரெண்டு காதிலும் கேட்கும் திறன் நிறைய போயிருக்கிறது, வருடக்கணக்கான இரைச்சலால் வந்தது, திரும்பி வராது என்றார். போன வருடத்திலிருந்து ஹியரிங் எய்ட் போடுகிறார்.

மாசத்துக்கு ஒரு தடவை அவரை வேளச்சேரியிலிருந்து எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போவேன். திண்டிவனம் பக்கம், சுமார் 120 கிலோமீட்டர். சின்ன வயசில் பஸ்ஸில் போகும்போது அந்த வழி முழுக்க அப்பா பேசிக்கிட்டே வருவார். மதுராந்தகம் ஏரி எப்ப நிரம்புச்சு, எந்தப் புளியமரத்தை ரோட்டுக்காக வெட்டினாங்க, எல்லாம் தெரியும் அவருக்கு.

இப்ப என்ன நடக்குதுன்னா, ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டி வண்டி 60, 70க்கு வந்ததும், அப்பா ரெண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றி, டப்பாவில் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"ஏன்ப்பா?"

"எல்லாமே இரையுதுடா. நீ பேசுறதும் கேக்கலை, தலைதான் வலிக்குது."

அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஒரு பேச்சும் இருக்காது. நான் பாட்டுகூடப் போடமாட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வருவார். ஆறேழு மாசம் இப்படித்தான் போச்சு. வயசானா அப்படித்தான்னு நானும் விட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதை இப்ப நினைச்சா சங்கடமா இருக்கு.

அவருடைய ஆடியாலஜிஸ்ட்டிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். அவர் சொன்ன விளக்கம் இது: ஹியரிங் எய்ட் பேச்சை மட்டும் எடுத்துக் கொடுக்கிற கருவி இல்லை, அதைச் சுற்றி இருக்கிற சத்தத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கும். கார் இரைச்சலைப் போல நிற்காமல் வருகிற, கீழ் ஸ்தாயியில் இருக்கிற சத்தம் பேச்சை மூடிவிடும். அதோடு, கேட்கும் திறன் குறைந்தவர்கள் பாதியை நம்முடைய முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்துப் பேசுவதால் அந்த உதவியும் போய்விடுகிறது. "மெஷின்ல அட்ஜஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். ஆனா முடிஞ்சா கார் சத்தத்தைக் குறைங்க"ன்னார்.

சரி, கார் சத்தத்தைக் குறைப்போம். எங்கிருந்து வருது அது?

டீபக் பண்ற மாதிரிதான்

நம்ம தொழிலில் ஒரு பக் வந்தால் என்ன பண்ணுவோம்? ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அதையேதான் செய்தேன்.

முதலில் இன்ஜின். சமமான ரோட்டில் ஒரே வேகத்தில், ஒரு முறை ஐந்தாவது கியர், ஒரு முறை நாலாவது கியர். இன்ஜின் சுழற்சி மாறுகிறது, அந்த "ஊஊ" சத்தம் மாறவே இல்லை. அப்ப இன்ஜின் இல்லை.

அடுத்தது காற்று. காற்றுச் சத்தம் வேகம் நன்றாக ஏறிய பிறகுதான் பெரிதாகும். எனக்கு 50லயே ஆரம்பிச்சிடுது. அப்ப காற்று முக்கியக் குற்றவாளி இல்லை. பொதுவாகவே கார்களில் 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இன்ஜினை விட டயர் சத்தம்தான் தூக்கலாக இருக்கும்.

மூன்றாவது வீல் பேரிங். இது போனாலும் இதே மாதிரி ஒரு முனகல் வரும். காலியான ரோட்டில் வண்டியை மெதுவாக இடம், வலம் வளைத்தால், எடை ஒரு பக்கம் சாயும்போது பேரிங் சத்தம் ஏறி இறங்கும். எனக்கு மாறவில்லை. சந்தேகம் இருந்தா மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. பேரிங் பாதுகாப்பு விஷயம்.

நான்காவது ரோடு. இங்கேதான் பிடிபட்டது. புதுசாகத் தார் போட்ட வழவழப்பான இடத்துக்கு வந்ததும் சத்தம் சட்டென்று இறங்கியது. ஜல்லி துருத்திக்கொண்டிருக்கிற பழைய இடம் வந்ததும் ஏறியது. டோல்கேட் பக்கத்தில் கான்கிரீட் வந்ததும் சத்தத்தின் தன்மையே மாறியது. ரோடு மாறினால் சத்தம் மாறுகிறது என்றால், அது டயரும் ரோடும் சந்திக்கிற இடத்தில் வருகிற சத்தம்.

வீட்டுக்கு வந்து, டயர் மேல உள்ளங்கையை வச்சு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழன்னு போகுது. எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி சொரசொரங்குது. பின் டயர் ரெண்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டையும் ஒரு ஓரம் உயரமாகவும் மறு ஓரம் தாழ்வாகவும் தேய்ந்திருந்தது. முன் சக்கரத்தால் ஓடுகிற கார்களில், டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடாமல் விட்டால் பின் டயரில் இப்படி ஆகும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நான் 30,000 கிலோமீட்டருக்கு மேல் மாற்றவே இல்லை. அலைன்மென்ட் கோணினாலும், ஷாக் அப்சார்பர் போனாலும்கூட இப்படித் தேயலாம். அதனால டயரைக் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பார்த்துடுங்க. ஷாக் அப்சார்பர் போன வண்டிக்கு எந்த டயர் போட்டாலும் சுகம் வராது.

உங்க காரிலும் இன்னைக்கே தடவிப் பாருங்க. வண்டி நின்று, ஹேண்ட்பிரேக் போட்டு, டயர் ஆறியிருக்கும்போது. கையில் கம்பி குத்தாமல் பார்த்துக்கங்க.

டயர் ஏன் சத்தம் போடுகிறது?

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

டயரில் தெரிகிற ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ரோட்டில் வந்து "டப்" என்று அடிக்கிறது. 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றும். ஒரு சுற்றில் 60 கட்டை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு சுமார் 680 அடி. அதாவது 680 ஹெர்ட்ஸ் ஒலி. நாம் பேசுகிற குரலும் இருக்கிற வட்டாரம் அது. அப்பாவுக்கு என் பேச்சு ஏன் கேட்கவில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அது ஒரே சுருதியில் சங்கு ஊதுவது மாதிரி கேட்கும். அதனால்தான் டயர் வடிவமைக்கிறவர்கள் கட்டைகளை வேண்டுமென்றே பெரிது, சிறிது, நடுத்தரம் என்று கலந்து அடுக்குகிறார்கள். மொத்தச் சத்தம் அப்படியே இருந்தாலும், ஒரு சுருதியில் குவியாமல் பரவிவிடும், காதுக்கு உறுத்தாது. உங்க டயரை உற்றுப் பாருங்க, கட்டைகளின் நீளம் மாறி மாறி வருவது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது, காற்று. கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் காற்று மாட்டி, ரோட்டில் அமுங்கி, பிதுங்கி வெளியே வருகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை.

மூன்றாவது, டயருக்கு உள்ளே அடைந்திருக்கிற காற்று. டயர் ஒரு வளையமான குழாய். அந்தக் குழாயை ஒரு முறை சுற்றி வர ஒலிக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், கார் டயருக்கு 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வரும். பள்ளத்தில் விழும்போது "டொய்ங்" என்று ஒரு முழக்கம் கேட்கும் பாருங்க, அது இதுதான். இதைக் குறைக்கத்தான் சில டயர்களின் உட்பக்கத்தில் ஸ்பாஞ்ச் மாதிரி ஃபோம் ஒட்டி விற்கிறார்கள். பைரெல்லி, கான்டினென்டல், மிஷெலின் எல்லாரிடமும் உண்டு. இன்ஜின் சத்தம் இல்லாத எலெக்ட்ரிக் கார்களில் டயர் சத்தம் தனியாகத் தெரியும் என்பதால் அங்கே அதிகம் பயன்படுத்துகிறார்கள். விலை அதிகம், பங்க்சர் ஒட்டுவதும் கொஞ்சம் வேலை. என் ஹேட்ச்பேக்குக்கு அது தேவையில்லை.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் டன்லப், 1888 என்று படிச்சிருப்போம். அவருக்கு முன்னாடியே, 1845ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குதிரை வண்டிச் சக்கரத்துக்காகக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதில் அவர் எழுதிய நோக்கங்களில் ஒன்று, வண்டி போகும்போது வருகிற சத்தத்தைக் குறைப்பது. அப்ப டயர் பிறந்ததே சத்தத்தைக் குறைக்கவும்தான். நாமதான் அதை மறந்துட்டு, அழகா இருக்கான்னு பார்த்து வாங்குறோம்.

என் தப்பு: 13 மில்லிமீட்டர்

"நாம"ன்னு சொன்னேன் இல்லையா, அது நான்தான்.

என் காருக்கு கம்பெனி கொடுத்த டயர் 185/65 ஆர்15. வாங்கிய இரண்டாவது வருடம், போனஸ் வந்த சந்தோஷத்தில் 16 இன்ச் அலாய் வீலும், 195/55 ஆர்16 டயரும் மாட்டினேன். இன்ஸ்டாவில் போட்டேன். நல்லா லைக் வந்துச்சு.

இந்த எண்களை எப்படிப் படிக்கிறது? முதல் எண், 185, டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, 65, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

பழைய டயரில் பக்கச் சுவர்: 185ல் 65 சதவீதம், 120 மில்லிமீட்டர். நான் மாட்டியதில்: 195ல் 55 சதவீதம், 107 மில்லிமீட்டர். மொத்த விட்டம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 621 மில்லிமீட்டர். அதனால் ஸ்பீடோமீட்டர் குழம்பாது, பாடியில் இடிக்காது. கடைக்காரர் சொன்னதும் சரிதான், "பக்காவா உட்காரும் தம்பி." ஆனால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த மெத்தையில் 13 மில்லிமீட்டர் போய்விட்டது. நம்ம ஊரு ரோட்டில் அந்த 13 மில்லிமீட்டர் பெரிய விஷயம். பள்ளத்தில் விழும்போது பக்கச் சுவர்தான் முதலில் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. அது குட்டையானால் மிச்ச அடி ரிம்முக்கு, ரிம்மிலிருந்து சஸ்பென்ஷனுக்கு, அங்கிருந்து அப்பா முதுகுக்கு. போதாக்குறைக்கு டயரும் 10 மில்லிமீட்டர் அகலம் கூடியது. டயர் அகலமாக ஆக, பொதுவாகச் சத்தமும் கூடும்.

அலாய் போடாதீங்கன்னு சொல்லலை. வளைவில் வண்டி நல்லா நிக்கும், ஸ்டியரிங் துல்லியமா இருக்கும். அது பிடிச்சவங்களுக்கு அது சரி. ஆனா அழகு, வேகம், சொகுசு மூணும் ஒரே டயரில் வராது. எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கங்க. நான் முடிவு பண்ணாமலே வாங்கினேன்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

சொகுசும் அமைதியும் வேண்டும் என்றால், நான் கற்றுக்கொண்டது இதுதான்.

அளவு: கம்பெனி கொடுத்த அளவுக்குத் திரும்புவதுதான் பாதுகாப்பான முதல் படி. ஒரே மாடலில் கீழ் வேரியன்டுக்குச் சின்ன ரிம், மேல் வேரியன்டுக்குப் பெரிய ரிம் கொடுத்திருந்தால், சின்ன ரிம் அளவு பெரும்பாலும் சொகுசாக இருக்கும். ஆனால் மேல் வேரியன்டில் பிரேக் பெரிதாக இருந்தால் சின்ன ரிம் உட்காராது, கேட்டுட்டு மாத்துங்க.

எடைக் குறியீடு: அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. கம்பெனி சொன்னதை விட எடைக் குறியீடு குறையவே கூடாது. அதே நேரம், "எக்ஸ்எல்" என்று போட்ட டயர் அதிக எடை தாங்க பலப்படுத்தப்பட்டது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும். தேவையில்லாமல் அதை வாங்க வேண்டாம். எலெக்ட்ரிக் காருக்குத் தேவைப்படலாம், அங்கே வண்டி எடை அதிகம்.

டயரின் ரகம்: பெரிய பெரிய கட்டையும் அகலமான பள்ளமும் இருக்கிற, மண் ரோட்டுக்கான டயர் ஹைவேயில் கத்தும். எஸ்யூவி வைத்துக்கொண்டு ஓஎம்ஆர் தாண்டாதவர்கள் கவனிக்கவும். அமைதிக்கென்றே டூரிங் ரகம் இருக்கிறது. மிஷெலின் பிரைமஸி, கான்டினென்டல் கம்ஃபர்ட்கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா எல்லாம் அந்த வகை. இந்தியக் கம்பெனிகளிலும் உண்டு. நான் எதை வாங்கினேன்னு சொல்லப்போறதில்லை. என் காருக்கும் என் அளவுக்கும் சரியா இருந்தது உங்களுக்கு அப்படியே இருக்கணும்னு இல்லை. அதே காரை, அதே அளவில் வைத்திருப்பவரிடம் கேளுங்க. புதுசா மாட்டினப்ப இல்லை, 20,000 கிலோமீட்டர் ஓடின பிறகு எப்படி இருக்குன்னு கேளுங்க. எல்லா டயரும் புதுசில் அமைதிதான்.

லேபிள்: சில இறக்குமதி டயர்களில் ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருக்கும். எரிபொருள், ஈரத்தில் பிடிப்பு, சத்தம் என்று மூன்று விஷயம். சத்தத்துக்கு டெசிபலில் ஒரு எண்ணும், ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். ஏ அமைதியானது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த எண், இன்ஜினை அணைத்துவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கடந்து போகும்போது, 7.5 மீட்டர் தள்ளி ரோட்டோரத்தில் மைக் வைத்து அளந்தது. அதாவது வெளியே நிற்கிறவருக்குக் கேட்கிற சத்தம், உள்ளே இருக்கிற நமக்கு இல்லை. ஒரு குறிப்பாக எடுத்துக்கலாம், தீர்ப்பாக இல்லை. இந்தியாவில் டயருக்கு ஒட்டுகிற ஸ்டார் லேபிள் எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஸ்டார் அதிகம் இருந்தால் அமைதி என்று அர்த்தமில்லை.

தேதி: பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ரப்பர் வயசானால் இறுகும், இறுகினால் சத்தமும் கூடும், மழையில் பிடிப்பும் குறையும். "ஆஃபர் டயர்" என்று சொன்னால் முதலில் இந்த எண்ணைப் பாருங்க.

எல்லாத்துக்கும் மேல, ஈரத்தில் பிடிப்பு. அமைதிக்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. நவம்பர் மழையில் சென்னையில் ஓட்டினவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே மாதிரி, மென்மையான பக்கச் சுவர் சொகுசு தரும், ஆனால் கூர்மையான பள்ளத்தில் அடிபட்டால் சீக்கிரம் வீங்கும். பக்கத்தில் ஒரு கட்டி மாதிரி வீங்கியிருந்தால் அந்த டயர் முடிந்தது, ஒட்டுப் போட முடியாது.

பட்ஜெட் இல்லை, ரெண்டு டயர்தான் மாத்த முடியும்னா, புது ஜோடியைப் பின்னாடி போடுங்க. முன் சக்கர வண்டியாக இருந்தாலும் சரி. மழையில் பின்பக்கம் வழுக்கினால் நம்மால் சமாளிக்க முடியாது.

கடையில்

பழைய இரும்பு ரிம் நாலும் வீட்டுப் பரணில் சாக்கு சுற்றி இருந்தது. அம்மா தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார், நல்லவேளை போடலை. சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்கார அண்ணா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் இரும்புல இருந்து அலாய்க்கு வருவாங்க. நீ என்ன தம்பி, ரிவர்ஸ்ல போற?"

"அப்பாவுக்குக் காது கேக்கலண்ணா."

அவர் சிரிக்கப் போனவர், நிறுத்திட்டார். அப்புறம் ரெண்டு நாள் எனக்காக நேரம் எடுத்துக்கிட்டார். ஒரு ரிம் லேசாக வளைந்திருந்தது, நிமிர்த்தி வாங்க ஞாயிறு ஆகிவிட்டது. பழைய டயரை எடுத்துக்கொண்டு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் ஆச்சு. அலாயை விற்றதில் அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. சின்னத் தொகை இல்லை. டயர் நல்லா இருக்கும்போதே சத்தத்துக்காக மட்டும் மாத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என் டயர் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது.

வெளியே எடுத்ததும் ஆவலாக ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைஞ்சிருக்கு, ஆனா குலுக்கல் அப்படியே இருக்கு! மனசு விட்டுப்போச்சு. காசு போச்சேன்னு நினைச்சேன். வீட்டில் காற்று அளந்து பார்த்தால் நாலு டயரிலும் 40 பிஎஸ்ஐ. ரிம்மில் டயரை உட்கார வைக்க அதிகம் அடித்தவர்கள், குறைக்க மறந்துவிட்டார்கள். ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் என் காருக்கு 33 என்று இருக்கிறது. மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது 33க்கு இறக்கினேன். வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு.

பறையைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீங்க. சூட்டில் தோல் இறுக இறுக, ஒலி கூர்மையாகும். டயரும் அப்படி ஒரு தோல்தான். காற்று கூடினால் இறுகும், ஒவ்வொரு கல்லையும் அடித்துக் காட்டும். அதுக்காக ஸ்டிக்கரில் இருக்கிறதை விடக் கீழே இறக்காதீங்க. டயர் சூடாகும், ஓரம் தேயும், ஹைவேயில் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று இருக்குமா என்று கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் சரியான அளவு முக்கியம். இன்றைய எபிசோடில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டாலும் போதும். காசே செலவில்லாதது இதுதான்.

3 டெசிபல்

போன் ஆப்பில் அளந்தேன். ஆப் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் அதே போன், அதே இடம், அதே ரோடு என்றால் வித்தியாசத்தை ஒப்பிடலாம். பரனூர் டோலுக்கு முன்னால் 80 கிலோமீட்டரில், முன்பு 71 டெசிபல். இப்ப 68.

வெறும் 3ஆ? டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை. 3 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது. ஆனால் நம் காதுக்குப் பாதியாகக் கேட்க சுமார் 10 குறைய வேண்டும். அதனால் "ஆகா, என்ன அமைதி" என்று யாரும் சொல்லப்போவதில்லை. சொகுசுக் கார் ஆகவில்லை என் வண்டி. போனது என்னவென்றால் அந்த "ஊஊ". பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அந்த ஒரு சுருதி.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பினோம். அப்பாவிடம் டயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பெருங்களத்தூர் தாண்டியது. கை காதுக்குப் போனது. தொட்டார். கழற்றலை. ஒரு பக்கம் மட்டும் என்னவோ அமுக்கினார். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியது. டோல்கேட் கான்கிரீட்டில் முகத்தைச் சுளித்தார், அது முடிந்ததும் சரியாகிவிட்டது. நான் எதுவும் பேசலை. பேசினா கெட்டுடுமோன்னு பயம்.

மதுராந்தகம் பக்கத்தில் அவரே ஆரம்பித்தார்.

"டேய்."

"சொல்லுங்கப்பா."

"எதுக்கு இவ்ளோ வேகம்? முன்னாடி லாரி போகுது பாரு. இண்டிகேட்டர் போட்டியா? அந்தச் சத்தமே கேக்கலையே."

போட்டிருந்தேன். அதை அவர் கேட்டிருக்கணும், கேக்கலை. அதனால 68 டெசிபல் இன்னும் அதிகம்தான். அடுத்து கதவு ரப்பரைப் பார்க்கணும்.

திண்டிவனம் வரைக்கும் அட்வைஸ். திரும்பி வரும்போதும் அட்வைஸ். நடுவில் ஒரு தடவை மட்டும், பிரஸ் ஷாப்பில் முதல் நாள் சத்தத்தைக் கேட்டு வெளியே ஓடி வந்ததையும், சூப்பர்வைசர் சிரிச்சதையும் சொன்னார். இதுவரைக்கும் எனக்குத் தெரியாத கதை. முழுசா இன்னும் சொல்லலை. அடுத்த மாசம் போகும்போது கேட்கணும்.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரம் ரெண்டே வேலை: காலையில் வண்டி எடுக்கும் முன் காற்று அளந்து பாருங்க, டயரை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்க. என்ன கண்டுபிடிச்சீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். பார்த்து ஓட்டுங்க.